கடைக்கு வரும் கேமரா: சமூக ஊடக விளம்பரமும் வணிகர் அறிய வேண்டிய சட்டங்களும்

ஒரு காலத்தில் நமது கடைகளுக்கு விளம்பரம் என்றால் சுவரெழுத்து, சினிமா கொட்டகையில் சிலைடு, திருவிழா மலரில் அரைப்பக்கம், ஆட்டோவில் மைக் கட்டி ஒரு சுற்று, அவ்வளவுதான். இன்று கையில் செல்போனோடு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ கடைக்குள் வருகிறார். "அண்ணாச்சி, எனக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். உங்கள் கடையைப் பற்றி ஒரு ரீல்ஸ் போடுகிறேன். பத்தாயிரம் கொடுங்கள், இல்லாவிட்டால் சரக்காகக் கொடுத்தாலும் சரி" என்கிறார். மறுவாரம் பார்த்தால் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வாடிக்கையாளர் வருகிறார்கள். பலன் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் சுவரில் எழுதினாலும் செல்போனில் பேசினாலும், சரக்கை விற்பதற்காகச் சொல்லப்படும் சொல்லுக்குச் சட்டம் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால், கடையில் நின்று ஒருவரிடம் சொன்ன வார்த்தை அங்கேயே கரைந்து போகும். ரீல்ஸில் சொன்ன வார்த்தை தேதியோடும் நேரத்தோடும் நிரந்தரமாக நிற்கும். அதுவே நமக்கு எதிரான சாட்சியாகவும் மாறலாம். ஆகவே பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே உரிய விஷயம் என்று நினைக்காமல், மளிகைக் கடை, எண்ணெய்க் கடை, மொத்த வியாபாரம் செய்யும் நாமும் இதன் அடிப்படைகளைத் தெரிந்து வைத்துக் கொள்வது நலம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பொறுப்பு யாருக்கு?

"பேசியவர் அவர், நான் பணம் மட்டும்தான் கொடுத்தேன்" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது.

1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலாக வந்ததுதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இதன்படி 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரு பொருளைப் பற்றிப் பொய்யாக வர்ணிப்பது, பொய் உத்தரவாதம் தருவது, வாங்குபவர் அறிய வேண்டிய முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகியவை தவறாக வழிநடத்தும் விளம்பரம் எனப்படும். அப்படிப்பட்ட விளம்பரத்தை நிறுத்தும்படியோ திருத்தும்படியோ வணிகருக்கும், தயாரிப்பாளருக்கும், பரிந்துரைப்பவருக்கும், வெளியிடுபவருக்கும் ஆணையம் உத்தரவிடலாம். தயாரிப்பாளர் மீதும் பரிந்துரைத்தவர் மீதும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்க 21ஆம் பிரிவு இடம் தருகிறது. பரிந்துரைத்தவர் ஓராண்டு வரை வேறு எந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாது என்று தடுக்கலாம். மறுபடி தவறினால் 3 ஆண்டு வரை தடை. விளம்பர வெளியீட்டில் பங்கு கொண்ட எவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம்.

"நான் தயாரிப்பாளர் இல்லையே, வாங்கி விற்பவன்தானே" என்று நம்மில் பலர் கேட்கலாம். இங்கேதான் கவனம் தேவை. வேறொருவர் தயாரித்த பொருளின் மேல் தமது பெயரையோ முத்திரையையோ போட்டு விற்பவரையும் இச்சட்டம் தயாரிப்பாளர் என்றே கருதுகிறது. மில்லிலிருந்து பருப்பை மூட்டையாக வாங்கி, அரைக்கிலோ பாக்கெட்டாகக் கட்டி, நமது கடைப் பெயரை அச்சடித்து விற்றால், அந்தப் பாக்கெட்டுக்கு நாம்தான் தயாரிப்பாளர்.

தண்டத்தொகையை முடிவு செய்யும்போது எத்தனை பேரை, எவ்வளவு பரப்பில் அந்த விளம்பரம் பாதித்தது, எத்தனை நாள் ஓடியது, அதனால் எவ்வளவு விற்பனை நடந்தது என்பதையெல்லாம் ஆணையம் பார்க்க வேண்டும். பத்து லட்சம் பேர் பார்த்த ரீல்ஸ் என்று நாம் பெருமைப்படும் அதே எண்ணிக்கை, இங்கே நமக்கு எதிராகத் திரும்பும்.

2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவ சங்கம் தொடுத்த பதஞ்சலி விளம்பர வழக்கில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களும் சமூக ஊடகத்தில் செல்வாக்குள்ளவர்களும் விளம்பரதாரருக்குச் சமமான பொறுப்புடையவர்கள் என்று கூறியது. சமமான பொறுப்பு என்பதால் நம் பொறுப்பு பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. இருவருக்கும் முழுப் பொறுப்பு உண்டு.

2. "இது விளம்பரம்" என்று சொல்ல வேண்டும்

பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒருவர் நமது கடையைப் புகழ்ந்தால், அந்தத் தொடர்பைப் பார்ப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஜூன் 9 அன்று வெளியான தவறான விளம்பரங்கள் தடுப்பு வழிகாட்டுதல்களும், 2023 ஜனவரி 20 அன்று வெளியான விளக்கக் கையேடும் இதைக் கட்டாயமாக்குகின்றன. விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான விளம்பரத் தரக் கவுன்சிலும் 2021ஆம் ஆண்டிலேயே இதற்கு விதி வகுத்தது.

தொடர்பு என்பது ரொக்கப் பணம் மட்டுமல்ல. இலவச சரக்கு, தள்ளுபடி, பரிசு, பயணச் செலவு, விருது, வேலை உறவு, குடும்ப உறவு எல்லாம் தொடர்புதான். கடை முதலாளியின் மகனே வாடிக்கையாளர் போல் நின்று "இந்தக் கடை மாவுக்கு ஈடே இல்லை" என்று பேசினால், அவர் யாருடைய மகன் என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைப் பையன் பேசினாலும் அப்படியே.

எப்படிச் சொல்வது? எளிய வார்த்தையில், தெளிவாக: "விளம்பரம்", "பணம் பெற்ற விளம்பரம்", "இந்தக் கடையின் ஆதரவுடன்" என்று இருக்கலாம். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், குரலிலும் வர வேண்டும். நேரடி ஒளிபரப்பு என்றால் முழு நேரமும் திரையில் தெரிய வேண்டும். பேசுவது தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். இருபது ஹேஷ்டேகுகளுக்கு நடுவில் ஒளித்து வைக்கக் கூடாது.

இதனால் வியாபாரம் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் என்று போட்டு வந்ததால் நமது சரக்கு விற்காமல் போனதுண்டா? வாடிக்கையாளருக்கு விளம்பரம் மேல் கோபம் கிடையாது. ஏமாற்றப்பட்டோம் என்று பின்னால் தெரிய வரும்போதுதான் கோபம் வருகிறது.

3. உணவுப் பொருளில் வாயை அடக்க வேண்டும்

நமது வணிகத்தில் அதிக ஆபத்து இங்கேதான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்காரர் ரீல்ஸ் எடுக்க ஒருவரை அழைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். எண்ணெய் நல்ல எண்ணெய்தான். வந்தவர் பேச்சு சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காக, "இந்த எண்ணெயை ஒரு மாதம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும்" என்கிறார். கடைக்காரர் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை சட்டங்கள் உள்ளே வருகின்றன என்று பாருங்கள்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006இன் 24ஆம் பிரிவு தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்தைத் தடுக்கிறது. 53ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுபவருக்கும் அதில் பங்கு கொள்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை உண்டு. 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் ஒழுங்குமுறை விதிகள், ஓர் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் அல்லது தடுக்கும் என்று சொல்வதை விலக்குகின்றன. இதற்கு மேல் 1954ஆம் ஆண்டிலேயே வந்த மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரை நோய் அந்த அட்டவணையில் உள்ளது. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்றால், எண்ணெய் என்ற பெயர் நம்மைக் காப்பாற்றுமா என்பது வழக்கு மன்றத்தில் வாதாட வேண்டிய கேள்வியாகிவிடும்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

"இயற்கையானது", "சுத்தமானது", "அசல்", "பாரம்பரியம்" போன்ற சொற்களை எந்த உணவுக்கு, எந்த நிலையில் பயன்படுத்தலாம் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் நிபந்தனை வகுத்துள்ளன. வாய்க்கு வந்தபடி சேர்க்கக் கூடாது.

"ஆர்கானிக்" என்று விற்கும் சரக்குக்கு உரிய சான்றிதழ் இருக்க வேண்டும். சிறு விவசாயி தம் விளைச்சலை நேரடியாக நுகர்வோருக்கு விற்பதற்குத்தான் விலக்கு உண்டு. அவரிடம் வாங்கி விற்கும் கடைக்காரருக்கு அந்த விலக்கு தானாக வந்துவிடாது.

"ஹெல்த் டிரிங்க்" என்ற சொல்லுக்கு உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மத்திய வர்த்தக அமைச்சகமும், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் காட்ட வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களை அறிவுறுத்தின. நமது கடையின் வாட்ஸ்அப் பட்டியலில் அப்படி ஒரு தலைப்பு இருந்தால் மாற்றி விடுவது நல்லது.

குழந்தைப் பால்பவுடர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டின் உணவு, பால் புட்டி ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதே 1992ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. இலவச சாம்பிள், பரிசு கொடுத்து வாங்கத் தூண்டுவதும் கூடாது. "இரண்டு டின் வாங்கினால் ஒரு பொம்மை இலவசம்" என்று ஸ்டேட்டஸ் போடுவது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அது சட்டவிரோதம். சிகரெட், புகையிலை விளம்பரத்தை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடையைச் சுற்றிப் படம் எடுக்கும்போது அந்த அலமாரியைக் காட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

4. சலுகை அறிவிப்பும் பொடி எழுத்தும்

2025 ஆகஸ்டில் ராபிடோ என்ற வாகன சேவை நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் தண்டத்தொகை விதித்தது. 5 நிமிடத்தில் ஆட்டோ வரும், இல்லாவிட்டால் 50 ரூபாய் தருவோம் என்பது விளம்பரம். உண்மையில் கொடுக்கப்பட்டது ரொக்கம் அல்ல. "50 ரூபாய் வரை" மதிப்புள்ள நாணயப் புள்ளிகள். அவற்றையும் பைக் பயணத்துக்கு மட்டும், 7 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். நிபந்தனைகள் படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தன. தண்டத்தொகையோடு, பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரவும் உத்தரவாயிற்று.

பெரிய நிறுவனத்தின் கதையானாலும் பாடம் நமக்கும்தான். பெரிய எழுத்தில் சொல்வதைப் பொடி எழுத்தில் திரும்பப் பெறக் கூடாது. "முதல் 100 பேருக்கு ஒரு கிலோ சர்க்கரை 10 ரூபாய்" என்று அறிவித்தால், 100 கிலோ சர்க்கரை அன்று கடையில் கட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். சரக்கே போதுமான அளவு இல்லாமல் ஆளை இழுப்பதற்காக மட்டும் விலை சொல்வதைத் தூண்டில் விளம்பரம் என்று 2022 வழிகாட்டுதல்கள் அழைக்கின்றன. எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை, எந்தக் கிளையில் என்பதை வீடியோவிலேயே சொல்ல வேண்டும்.

கூட்டம் இன்னொரு பிரச்சினை. ரீல்ஸில் அறிவித்த சலுகைக்காக எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து சாலை அடைபட்டால், போக்குவரத்து இடைஞ்சலுக்கும் அசம்பாவிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். வீடியோ எடுத்தவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். திறப்பு விழாவுக்குப் பிரபலத்தை அழைப்பதானால் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறுவது அவசியம்.

5. சினிமாப் பாட்டும் நடிகர் படமும்

ரீல்ஸின் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு விடுவது எல்லோரும் செய்யும் காரியம். தனி மனிதர் தம் பிறந்தநாள் படத்துக்குப் பாட்டுச் சேர்ப்பதற்கு அந்தச் செயலிகள் உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. ஆனால் அந்த உரிமம் கடை விளம்பரத்துக்குச் செல்லாது. விளம்பரத்துக்கு இசை நிறுவனத்திடமோ உரிமையாளரிடமோ தனி அனுமதி வேண்டும். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 63ஆம் பிரிவு, தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. தமது பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக இளையராஜா 2025இல் 'குட் பேட் அக்லி' படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றது நமக்கெல்லாம் நினைவிருக்கும். பெரிய படத் தயாரிப்பாளருக்கே அந்த நிலை. வணிகக் கணக்குகளுக்கென்று செயலிகளே இலவசமாகத் தரும் இசை உண்டு. அதைப் பயன்படுத்துவோம்.

நடிகர் படமும் அப்படித்தான். பிரபலமான ஒருவரின் பெயர், உருவம், குரல், பேசும் பாணி ஆகியவை அவருக்கே உரியவை என்று நீதிமன்றங்கள் ஏற்றுக் கொண்டுள்ளன. 2015ஆம் ஆண்டில் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அவர் பெயரைச் சார்ந்து தலைப்பிட்ட ஓர் இந்திப் படத்துக்கு எதிராகத் தடை வழங்கியது. 2022இல் அமிதாப் பச்சனும் 2023இல் அனில் கபூரும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே வகையான பாதுகாப்பைப் பெற்றனர். 2024இல் பாடகர் அரிஜித் சிங் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்குவதற்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. "கம்ப்யூட்டரில் செய்த குரல்தானே, அவர் வந்து பேசவில்லையே" என்பது பதில் ஆகாது. ஒரு நடிகர் குரலில் நமது அப்பளத்தைப் புகழ வைத்தால், அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் பொய்யும் அதில் சேர்ந்து விடுகிறது.

வாடிக்கையாளர் முகத்துக்கும் மரியாதை உண்டு. கடைக்கு வந்த பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுத்து வெளியிடக் கூடாது. பில் போட வாங்கிய செல்போன் எண்ணை, வீடியோ எடுப்பவருக்கோ வேறு வியாபாரிக்கோ கொடுக்கவும் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் இச்சட்டத்தின் அடிப்படை ஒப்புதல்தான்.

6. வீடியோ யாருக்குச் சொந்தம்?

இதில் நமது வணிகர்களுக்குக் குழப்பம் அதிகம். ஒரு வீடியோவை நாம் கேட்டுக்கொண்டு, அதற்கு விலையும் கொடுத்து எடுக்கச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் முதல் உரிமையாளர் நாம்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவராகவே கடைக்கு வந்து, தம் விருப்பத்துக்கு எடுத்துப் போட்ட வீடியோ அவருக்கே சொந்தம். நமது கடையைப் பற்றியது என்பதற்காக அதை இறக்கி, வெட்டி ஒட்டி, கடை டிவியில் ஓட்டவோ காசு கட்டி விளம்பரமாக ஓட்டவோ நமக்கு உரிமை இல்லை. எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். உரிமை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக் கொள்ளும்.

ஆகவே, தொகை சிறியதானாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை வீடியோ, எந்தத் தேதிக்குள், கொடுக்கும் பணம் அல்லது சரக்கின் மதிப்பு, பேசப் போகும் வாசகத்தை நாம் முன்கூட்டிப் பார்த்து ஒப்புக்கொள்வது, விளம்பரம் என்ற அறிவிப்பு கட்டாயம், இசை, படங்களுக்கு அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, வீடியோ உரிமை யாருக்கு, எத்தனை மாதம் நீக்காமல் வைத்திருக்க வேண்டும், போட்டிக் கடைக்கு எவ்வளவு காலம் பேசக் கூடாது, தவறு நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் நீக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாலும் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின்படி, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவும் சாட்சியமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. நமது கடைப் பக்கத்துக்கு நல்ல கூட்டம் சேர்ந்து விட்டால், பணம் கட்டி ஆடும் விளையாட்டுச் செயலிகள் விளம்பரம் கேட்டு வரும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், அப்படிப்பட்ட விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கிட்டவே சேர்க்காதீர்கள்.

7. கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது?

ரொக்கமாகக் கொடுக்கும் விளம்பரக் கூலிக்கு ரசீது வாங்கி வங்கி வழியாகவே கொடுங்கள். பொருளாகக் கொடுப்பதற்கும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வியாபாரம் அல்லது தொழில் காரணமாக ஒருவருக்கு ஓராண்டில் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், அதன் மதிப்பில் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். முந்தைய ஆண்டில் வியாபார விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டாத தனிநபர் வணிகருக்கு இந்தக் கடமை இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,000 ரூபாய் மளிகைச் சரக்கு ஒருவருக்கு ரீல்ஸ் கூலியாகத் தருகிறீர்கள். 12 மாதத்துக்கு 36,000 ரூபாய். வரம்பைத் தாண்டிவிட்டதால் 3,600 ரூபாய் வரி கட்டப்பட்டதா என்பதைப் பொருள் கொடுப்பவர் உறுதி செய்ய வேண்டும். வீடியோ எடுக்க மிக்சி கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக் கொண்டால் அது சலுகை ஆகாது என்றும், அவரே வைத்துக் கொண்டால் ஆகும் என்றும் வரி வாரியம் 2022இல் விளக்கம் தந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை எனச் சட்டமான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே படிவம் நிரப்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு முடிச்சு உண்டு. பரிசாகவோ இலவச சாம்பிளாகவோ கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. விளம்பர வேலைக்குக் கூலியாகச் சரக்கைக் கொடுத்தால் அது பண்டமாற்று விற்பனையாகும், பில் போட வேண்டும். இரண்டில் எது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக் கொள்வது நல்லது.

8. நமக்கு எதிராக வீடியோ வந்தால்

புகழ்ந்து வீடியோ போடுபவர் இருப்பதுபோல் குறை சொல்பவரும் இருப்பார். முதலில் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் உண்மையான அனுபவத்தைச் சொல்வது அவர் உரிமை. அரிசியில் புழு இருந்தது உண்மையானால், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது நம்மை நாமே கெடுத்துக் கொள்வது. சரக்கை மாற்றிக் கொடுத்து, அந்த மூட்டையை ஒதுக்கி, பணிவாக அங்கேயே பதில் எழுதுவதுதான் நல்ல வியாபாரியின் வழி.

பொய்யானால் நிலை வேறு. பாராசூட் தேங்காய் எண்ணெயைப் பற்றி 2018இல் வெளியான ஒரு யூடியூப் வீடியோவுக்கு எதிராக மாரிக்கோ நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றம் சென்றது. சமூக ஊடகத்தில் செல்வாக்குள்ளவர் சாதாரண மனிதரைப் போல் பொறுப்பின்றிப் பேச முடியாது என்று கூறி, 2020 ஜனவரியில் ஒரு நீதிபதி வீடியோவை நீக்க உத்தரவிட்டார். ஆனால் மேல்முறையீட்டில், குறிப்பிட்ட பகுதிகளை மாற்றி வீடியோவை வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. பேச்சுரிமையும் உண்டு, பெயரைக் காக்கும் உரிமையும் உண்டு. இரண்டையும் நீதிமன்றம் தராசில் நிறுத்திப் பார்க்கும் என்பதே இதிலிருந்து தெரிவது.

பொய் வீடியோ வந்தால் செய்ய வேண்டியவை: முதலில் அதைத் தேதியோடு பதிவு செய்து வையுங்கள். கொள்முதல் பில், சரக்கின் பேட்ச் எண், கடை கேமரா பதிவு, தேவையானால் அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். அந்தச் செயலியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். அதன் பிறகுதான் வக்கீல் நோட்டீஸ். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூகப் பணி என்கிறது. சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடும் கேட்கலாம். கோபத்தில் ஆள் வைத்து மிரட்டினால் நாம்தான் குற்றவாளி ஆவோம்.

"பணம் கொடுக்காவிட்டால் உங்கள் கடையைப் பற்றித் தவறாகப் போடுவேன்" என்று கேட்பவரும் உண்டு. இது விமர்சனம் அல்ல. மிரட்டிப் பணம் பறித்தல். அதே சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். முதல் முறை ஆயிரம் கொடுத்து அனுப்பினால், அடுத்த மாதம் வேறொருவர் வருவார். பணம் கொடுக்காமல், பேச்சைப் பதிவு செய்து, காவல் நிலையத்திலும் சங்கத்திலும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஒரு கடைக்கு வந்தவர் தெருவில் எல்லாக் கடைக்கும் வருவார். தனியாக நிற்பதைவிடச் சங்கமாக நின்று புகார் கொடுப்பது பலம்.

அதேபோல் நாமும் போலி விமர்சனம் எழுதி வாங்கக் கூடாது. பணம் கொடுத்து நட்சத்திரம் வாங்குவதும், எதிர்க்கடையைப் பற்றி மோசமாக எழுதச் சொல்வதும் நியாயமற்ற வணிகம்தான். இணைய விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரம் வெளியிட்டுள்ளது.

9. சுருக்கமாக

(1) வாசகத்தைப் படித்துப் பார்க்காமல் கேமரா முன் நிற்காதீர்கள்.
(2) நோய் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.
(3) "விளம்பரம்" என்ற அறிவிப்பு தமிழில், குரலிலும் எழுத்திலும் இருக்கட்டும்.
(4) சலுகைக்குத் தேதி, அளவு, நிபந்தனை மூன்றையும் சொல்லுங்கள்.
(5) சினிமாப் பாட்டு, நடிகர் படம், போலிக் குரல் வேண்டாம்.
(6) குழந்தை உணவு, புகையிலை, பணம் கட்டி ஆடும் விளையாட்டு ஆகியவை கடைப் பக்கத்தில் இடம்பெறக் கூடாது.
(7) ஒரு பக்கமாவது ஒப்பந்தம் எழுதுங்கள்.
(8) கொடுத்த பணத்தையும் சரக்கையும் கணக்கில் ஏற்றுங்கள்.
(9) உண்மையான குறையைத் திருத்துங்கள். பொய்யான குறையைச் சட்டப்படி சந்தியுங்கள்.
(10) மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

நுகர்வோர் தமது புகாரை 1915 என்ற தேசிய உதவி எண்ணில் ஒரு போன் அழைப்பில் பதிவு செய்து விடலாம். அவர் கையில் நமது வீடியோவும் இருக்கும். இதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. நல்ல சரக்கை நியாயமான விலைக்கு விற்கும் வணிகருக்குப் பொய் தேவையில்லை. உள்ளதைச் சொன்னாலே விளம்பரம் ஆகிவிடும். எடையில் குறை வைக்கக் கூடாது என்று நமது பெரியவர்கள் கல்லாவில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். செல்போன் முன்னால் பேசும் சொல்லையும் அதே தராசில் வைத்து நிறுத்துப் பேசினால், கேமரா எத்தனை வந்தாலும் நமது கடைக்கு நல்ல பெயர்தான் சேரும்.